ஸ்பீச் தெரபிஸ்ட் சம்பளம்: தேவை வேறு, வேலை வேறு

பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் குமரி மாவட்டத்து வீடுகளில் அதிகம் புழங்கும் சொல் 'ஸ்கோப்'. நர்சிங்குக்கு ஸ்கோப் உண்டா, பிசியோதெரபிக்கு உண்டா என்று கேட்ட வரிசையில் இப்போது ஸ்பீச் தெரபியும் சேர்ந்துவிட்டது. "நாட்டிலே ஆளே கிடைக்கலியாம், அமெரிக்காவில வருஷம் எழுபது லட்சமாம்" என்பார் ஒருவர். "என் அண்ணன் மகள் அதைத்தான் படிச்சா, பதினெட்டாயிரத்துக்கு வேலை பாக்கிறா" என்பார் பக்கத்தில் இருப்பவர். இரண்டுமே உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் பிள்ளையைச் சேர்க்கும் முன் புரிய வேண்டிய விஷயம். இந்த வேலையில் இருப்பவள் என்பதால் எனக்குத் தெரிந்தவரை அதை விளக்கிப் பார்க்கிறேன்.

முதலில், இது என்ன வேலை?

பேச்சு வராத குழந்தைக்குப் பேசச் சொல்லிக்கொடுப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது இந்த வேலையின் ஒரு பகுதிதான். திக்குவாய், ஆட்டிசம், அண்ணப்பிளவு அறுவைக்குப் பிறகான உச்சரிப்பு, ஆசிரியர்களுக்கும் பாடகர்களுக்கும் வரும் குரல் கோளாறு, பக்கவாதத்துக்குப் பின் சொல் மறந்துபோவது எல்லாம் இதில் வரும். கேட்டால் பலர் ஆச்சரியப்படும் இன்னொன்றும் உண்டு: விழுங்குதல். பக்கவாதம் வந்தவர் கஞ்சி குடிக்கும்போது அது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலில் கிருமி பிடித்து உயிருக்கே ஆபத்தாகும். அவருக்கு எதை, எந்தப் பதத்தில், எப்படி உட்கார வைத்துக் கொடுக்கலாம் என்று பரிசோதித்துச் சொல்வதும் ஸ்பீச் தெரபிஸ்ட்தான்.

இந்தியாவில் இதற்கான அடிப்படைப் பட்டம் பிஏஎஸ்எல்பி. செவித்திறனையும் பேச்சு மொழியையும் சேர்த்துப் படிக்கும் நான்கு ஆண்டு இளங்கலைப் படிப்பு இது. கடைசி ஆண்டு இன்டர்ன்ஷிப். படித்து முடித்தவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். தெரபிஸ்ட்கள், சிறப்பு ஆசிரியர்கள் போன்றோரைப் பதிவு செய்யும் மத்திய அமைப்பு அது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஓராண்டு டிப்ளமா ஒன்றும் உண்டு. அதை முடித்தவர் பட்டம் பெற்றவரின் மேற்பார்வையில் உதவியாளராக வேலை செய்யலாம், தனியாக மையம் நடத்த முடியாது. மூன்று மாதச் சான்றிதழ், ஆறு மாத ஆன்லைன் கோர்ஸ் என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

தேவை ஏன் வேலையாக மாறுவதில்லை?

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் சுமார் 18.7 லட்சம் பேர். இத்தனை பேருக்குள் பேச்சு தாமதமான பிள்ளைகளும் பக்கவாதம் வந்த பெரியவர்களும் காது மந்தமான முதியவர்களும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தால், இங்குள்ள தெரபிஸ்ட்கள் போதாது என்பது விளங்கும். "ஆள் பற்றாக்குறை" என்று சொல்வது இதைத்தான். அது சரியான பேச்சு.

ஆனால் பற்றாக்குறை இருப்பதால் மட்டும் ஒரு பணியிடம் உருவாகிவிடாது. அந்தப் பிள்ளைக்கான தெரபிக்கு யாரோ ஒருவர் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அது குடும்பமாக இருக்கலாம், அரசாக இருக்கலாம், காப்பீட்டு நிறுவனமாக இருக்கலாம். அப்படி யாரும் இல்லாத இடத்தில் தேவை இருக்கும், வேலை இருக்காது. வேலை இருந்தாலும் சம்பளம் இருக்காது. ஊரில் நூறு பிள்ளைகளுக்குத் தெரபி வேண்டியிருக்கலாம். அதில் வாரம் மூன்று முறை கட்டணம் கட்டி வரக்கூடியவர்கள் பதினைந்து பேர் என்றால், அந்தப் பதினைந்து பேரை வைத்துத்தான் தெரபிஸ்ட்டின் வருமானம்.

சுருக்கமாகச் சொன்னால், "இந்தப் படிப்புக்குத் தேவை இருக்கிறதா?" என்பது பாதிக் கேள்வி. "அந்தத் தேவைக்குப் பணம் கட்டுவது யார்?" என்பது மீதிப் பாதி. இனி வரும் எல்லாம் இந்த இரண்டாம் பாதியைப் பற்றியது.

பால்வெட்டும் செஷனும்

குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். தோட்டத்தில் ஆயிரக்கணக்கில் மரம் நிற்கலாம். ஆனால் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி விடியற்காலையில் வெட்ட முடிவது முந்நூறு மரம் வரைதான். மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. ரப்பர் ஷீட் விலை ஏறினால் அந்த ஏற்றம் அப்படியே வெட்டுகிறவர் கைக்கு வருவதும் இல்லை. மரம் எத்தனை நிற்கிறது என்பதை வைத்து அவர் வருமானத்தைச் சொல்ல முடியாது. எத்தனை நாள் வெட்டினார், ஒரு நாளில் எத்தனை மரம், அதில் அவர் பங்கு என்ன என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்பீச் தெரபிஸ்ட்டின் வருமானமும் இதே கணக்குதான். இங்கே அலகு செஷன். ஒரு நோயாளியோடு ஒரு தெரபிஸ்ட் தொடர்ந்து உட்கார்ந்து செய்யும் ஒரு முறை சிகிச்சை அது. பெரும்பாலும் முப்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. ஒரு டாக்டர் ஓ.பி.யில் ஒரு மாலைக்குள் ஐம்பது பேரைப் பார்த்துவிடலாம். தெரபிஸ்ட்டால் முடியாது. ஒரு பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து, அதன் கண்ணைப் பார்த்து, அது ஒரு ஒலி எழுப்பும் வரை காத்திருக்கும் வேலை இது. அவசரப்படுத்தினால் கெட்டுவிடும். ஒரு நாளைக்கு ஆறு, மிஞ்சினால் எட்டு செஷன். அதற்கு மேல் செய்தால் கடைசியில் வரும் பிள்ளைக்கு நியாயம் செய்ய முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த மையத்தின் கணக்கும் இல்லை, புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட தொகை. செஷனுக்கு 400 ரூபாய், நாளைக்கு ஆறு செஷன், மாதம் 24 நாள் என்றால் 57,600 ரூபாய். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் நான்கில் ஒரு செஷனுக்குப் பிள்ளை வராது என்று வையுங்கள். மிச்சம் 43,200. மையத்தில் வேலை பார்ப்பவருக்கு அதில் 40 சதவீதப் பங்கு என்றால் கையில் வருவது 17,280. அந்த அண்ணன் மகளின் பதினெட்டாயிரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? மையம் அவளை ஏமாற்றுகிறது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. கட்டணம் 400 ஆக இருக்கும்வரை சம்பளம் ஏறுவதற்கு அதிக இடம் இல்லை.

பிள்ளைகள் வராமல் போவது சின்ன விஷயம் இல்லை, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வரும் அம்மா மழையில் என்ன செய்வார்? கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ், அரையாண்டுத் தேர்வு என்று டிசம்பர் கிட்டத்தட்ட அப்படியே போய்விடும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வருமானம் நின்ற மாதத்தில் முதலில் நிற்பது பிள்ளையின் தெரபிதான். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. பணம் கட்டுவது குடும்பத்தின் சட்டைப்பை மட்டுமே என்றால், அந்தப் பை காலியாகும்போது தெரபிஸ்ட்டின் வருமானமும் காலியாகும்.

சொந்தமாக மையம் வைத்தால்?

அதே 43,200 முழுதும் உங்களுக்கு வரும். அதிலிருந்து வாடகை, போன் எடுத்துப் பதிவு செய்யும் ஆளின் சம்பளம், கரண்ட், விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் போக வேண்டும். இருபதாயிரம் செலவு என்று வைத்தால் மிச்சம் 23,200. முதல் ஆண்டில் இதுவும் வராது. காது மூக்கு தொண்டை டாக்டர்களும் குழந்தை டாக்டர்களும் உங்களிடம் ஆள் அனுப்பத் தொடங்கவும், ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொல்லவும் காலம் பிடிக்கும்.

வருமானம் ஏறுவது பெரும்பாலும் இன்னொரு தெரபிஸ்ட்டை வேலைக்கு வைக்கும்போதுதான். அல்லது ஒரு பள்ளியோடு மாதத் தொகைக்கு ஒப்பந்தம் செய்யும்போது. அல்லது செவித்திறன் பரிசோதனையும் காது மெஷின் விற்பனையும் சேர்க்கும்போது. கடைசியாகச் சொன்னதில்தான் லாபம் அதிகம், அதனால் பல நிறுவனங்கள் புதிதாகப் படித்து வருபவர்களை அந்தப் பக்கம் இழுக்கின்றன. அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி விற்பனை இலக்கோடு கட்டப்பட்டிருக்கும். பரிசோதிப்பவரே விற்பவராகவும் இருக்கும்போது, இந்தத் தாத்தாவுக்கு இந்த விலை மெஷின் உண்மையிலேயே தேவையா என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்பது கடினமாகிவிடும். சேரும் முன் இலக்கு உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஆக, தனியார் பக்கத்தில் சம்பளத்தைத் தீர்மானிப்பவை கட்டணம், வருகை, பங்கு என்ற மூன்றும். பட்டத்தின் பெயருக்கு அதில் பங்கு குறைவு.

அரசு பணம் கட்டும்போது

அரசு வேலை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகம்.

முதல் வகை தொகுப்பூதியம். மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. அகவிலைப்படி கிடையாது, ஆண்டு உயர்வுக்கு உறுதி கிடையாது, ஒப்பந்தத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஆரம்பநிலை இடையீட்டு மையம் வேண்டும் என்கிறது. பிறவிக் குறையும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டுபிடித்து இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் அது. அதன் குழுவில் ஸ்பீச் தெரபிஸ்ட்டும் உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் உள்ளடக்கிய கல்வித் திட்டத்திலும், மாற்றுத்திறனாளிகளுக்காக உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு அரசின் உரிமைகள் திட்டத்திலும் தெரபிஸ்ட்களுக்கு வேலை உண்டு. சம்பளம் தனியார் மையத்தைவிடப் பெரிதாக அதிகம் இருக்காது. ஆனால் மழை பெய்தாலும் வரும். அனுபவமும் அள்ள அள்ள வரும், ஏனென்றால் பணம் இல்லாததால் தனியார் மையத்துக்கு வரவே முடியாத பிள்ளைகளை இங்கேதான் பார்ப்பீர்கள்.

இரண்டாவது வகை ஊதிய விகிதத்தில் வரும் நிரந்தர வேலை. அடிப்படைச் சம்பளத்தின் மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேரும். 2024இல் ரயில்வே வெளியிட்ட பாராமெடிக்கல் அறிவிப்பில் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) மற்றும் ஸ்பீச் தெரபிஸ்ட் பதவிக்கு அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. நாடு முழுவதற்குமாக இருந்த இடங்களோ விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை நம்பி ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கிடைத்தால் நல்லது, அவ்வளவுதான்.

அரசு பணம் கட்டத் தொடங்கியதும் ஒரு துறை எப்படி வளர்கிறது என்பதற்கு காக்ளியர் இம்ப்ளான்ட் நல்ல உதாரணம். பிறவியிலேயே காது கேளாத குழந்தையின் உள்காதில் அறுவை செய்து பொருத்தும் மின்கருவி அது. விலை பல லட்சம். மத்திய அரசின் உதவித் திட்டத்தில் இதற்குப் பணம் உண்டு, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த அறுவை உண்டு. ஆனால் கருவி வைத்தவுடன் குழந்தைக்குப் பேச்சு வந்துவிடாது. கேட்கும் ஒலிக்குப் பொருள் உண்டு என்பதை மாதக்கணக்கில், பல நேரம் ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்துத்தான் பழக்க வேண்டும். திட்டம் வந்ததும் அந்தப் பயிற்சிக்கும் ஆள் தேவைப்பட்டது. காது கேளாத குழந்தைகள் அதற்கு முன்பும் இருந்தார்கள். தெரபிஸ்ட்டுக்கான வேலை பணத்தோடுதான் வந்தது.

குடும்பங்களுக்குப் பெரும்பாலும் தெரியாத இன்னொரு வழி நிராமயா காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. தொடர் தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. ஒரு தெரபிஸ்ட் இதை எடுத்துச் சொல்லி விண்ணப்பிக்க உதவினாலே சில பிள்ளைகள் நடுவில் நிற்காமல் தொடர்ந்து வருவார்கள்.

வெளிநாட்டில் ஏன் அவ்வளவு?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்கில், 2023 மே மாதம் அங்குள்ள ஸ்பீச் தெரபிஸ்ட்டின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 89,290 டாலர். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குகிறார்கள். அந்த எழுபது லட்சம் இங்கிருந்துதான் வருகிறது.

அங்குள்ளவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதால் இந்தச் சம்பளம் வரவில்லை. மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்குத் தேவையான பேச்சுச் சிகிச்சையை அரசுப் பள்ளி இலவசமாகத் தர வேண்டும் என்று அங்கே 1975இலேயே சட்டம் வந்துவிட்டது. பள்ளி தெரபிஸ்ட்டை வேலைக்கு வைத்தே ஆக வேண்டும். முதியவர்களுக்கு அரசுக் காப்பீடு கட்டுகிறது. பணம் கட்டுபவர் சட்டப்படி உறுதியாக இருப்பதால் வேலையும் சம்பளமும் உறுதியாக இருக்கின்றன.

நமது பிஏஎஸ்எல்பியை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நுழைய முடியாது. முதுகலைப் பட்டம், தேசியத் தேர்வு, மேற்பார்வையில் செய்யும் பயிற்சிப் பணி, வேலை செய்யும் மாநிலத்தின் உரிமம் எல்லாம் வேண்டும். பிரிட்டனில் அங்குள்ள சுகாதாரத் தொழிலர் கவுன்சிலில் பதிவு வேண்டும். வளைகுடா நாடுகளின் நடைமுறை குமரி மாவட்டத்துக்குப் புதிதில்லை. நர்ஸ் இருக்கும் வீடுகளில் எல்லாம் டேட்டாஃப்ளோ, பிரோமெட்ரிக் என்ற சொற்கள் புழங்கும். சான்றிதழ் சரிபார்ப்பு, அப்புறம் உரிமத் தேர்வு, அதற்கு முன் இங்கே சில ஆண்டு அனுபவம். ஆனால் நர்சுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எங்கள் வேலைக்குக் கருவியே மொழிதான். அரபி பேசும் குழந்தைக்கு அரபி தெரிந்த தெரபிஸ்ட்டைத்தான் தேடுவார்கள். ஆகவே அங்கே நமக்கு வாய்ப்பு ஆங்கிலத்தில் பேசும் குடும்பங்களிடமும் இந்தியக் குடும்பங்களிடமும்தான் அதிகம்.

மொழி நமக்குப் பலமாகும் இடம்

வெளியே தடையாக இருக்கும் அதே மொழி இங்கே பலம். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் அம்மா தமிழிலும் பாட்டி மலையாளத்திலும் பேசும் வீடுகள் உண்டு. பள்ளியோ ஆங்கிலம். அந்தப் பிள்ளை குழம்புகிறதா, இல்லை உண்மையிலேயே மொழித் தாமதம் உள்ளதா என்று பிரித்துச் சொல்ல இரண்டு மொழியும் தெரிந்த ஆள் வேண்டும். கடற்கரைக் கிராமத்துப் பேச்சு நாஞ்சில்நாட்டுப் பேச்சிலிருந்து வேறு. பக்கவாதம் வந்த ஒரு மீனவரிடம் புத்தகத் தமிழில் படம் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் அவருக்கு வரும் சொல்லும் வராமல் போகலாம். சென்னையிலிருந்து வருபவருக்கு இதெல்லாம் பிடிபட நாளாகும். இங்கேயே பிறந்தவருக்கு முதல் நாளே தெரியும்.

பெரியவர்கள் பக்கத்தை இந்த மாவட்டம் இன்னும் சரியாகத் தொடவில்லை என்பது என் கருத்து. எல்லோரும் குழந்தைகள் மையம்தான் திறக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பேச்சு மொழி பாதிக்கிறது. விழுங்குவதில் சிரமம் தொடக்கத்தில் அதைவிட அதிகம் பேருக்கு. இவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால் அந்தச் செலவு ஆஸ்பத்திரி பில்லில் சேரும்; பில்லில் சேர்ந்தால் காப்பீட்டுக்குள் வர வழி உண்டு. பணம் கட்டுபவர் மாறுகிறார். விழுங்குதல் சிகிச்சையில் முறையான பயிற்சி எடுத்து, நரம்பியல் டாக்டரோடு சேர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கும் ஒருவருக்கு அடுத்த பத்து ஆண்டில் இங்கே நல்ல இடம் உண்டு என்று நம்புகிறேன்.

கல்லூரியில் சேரும் முன்

பிஏஎஸ்எல்பி நடத்தும் கல்லூரி மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்தந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்திலேயே பார்த்துவிடுங்கள். கல்லூரி ஆபீசில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு செவித்திறன் நிறுவனம் இந்தத் துறையின் மூத்த நிறுவனம். அரசு நிறுவனம் என்பதால் கட்டணமும் குறைவு, சேர நுழைவுத் தேர்வு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் அரசு இடங்கள் உண்டு. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் தேசியப் பேச்சு செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. அது கேரள அரசின் கீழ் வருவதால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சேர விதி என்ன என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் கல்லூரி என்றால் நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் கூட்டி, அதை மேலே போட்ட பதினேழாயிரம், இருபத்து மூவாயிரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடன் வாங்கிப் படித்தால் தவணை எவ்வளவு, முதல் மூன்று ஆண்டுச் சம்பளத்தில் அதைக் கட்ட முடியுமா என்ற கணக்கை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போட வேண்டும். முதுகலையும் படித்தால் கல்லூரியில் பாடம் நடத்தலாம், பெரிய ஆஸ்பத்திரிகளில் சேரலாம், வெளிநாட்டுக் கதவும் கொஞ்சம் திறக்கும். அந்த இரண்டு ஆண்டுச் செலவையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, பிள்ளையை ஒரு தெரபி மையத்துக்கு அனுப்பி, அனுமதி கேட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே சொல்லை ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பச் சொல்வது, பிள்ளை அடித்தாலும் முகம் சுளிக்காமல் இருப்பது, அழும் அம்மாவிடம் பொய் நம்பிக்கை கொடுக்காமல் பேசுவது எல்லாம் அங்கே தெரியும். மாலையில் வீட்டுக்கு வந்து "நாளைக்கும் போகட்டா?" என்று கேட்டால், விண்ணப்பப் படிவத்தை வாங்குங்கள்.